கார் வாக்ஸும் டீடெய்லிங்கும்: கொடுக்கும் காசுக்குத் தகுந்தவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பெயிண்ட் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், புதிதாகக் கார் வாங்கியவர்களும் பழைய காரைப் பளபளப்பாக்க நினைப்பவர்களும் என்னிடம் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். விலை உயர்ந்த வாக்ஸ் (பெயிண்டின் மேல் பூசும் மெழுகு) டப்பாவுக்கும், காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீடெய்லிங் கடைக்கும் காசு கொடுக்கலாமா, வேண்டாமா என்பதே எல்லாவற்றின் அடியிலும் இருக்கும் கேள்வி. அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். ஒருமுறை விளக்கியதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணைச் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. கார் பெயிண்ட் என்றால் ஒரு நிறம்தானே, அதில் பாதுகாக்க என்ன இருக்கிறது?

நாம் பார்ப்பது ஒரே பூச்சு போலத் தெரிந்தாலும், இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் தகட்டின் மேல் நான்கு அடுக்குகள் இருக்கின்றன. துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியால் படியவைக்கும் அடிப்பூச்சு முதலாவது; அதன்மேல் பிரைமர்; அதன்மேல் நிறம்; எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இவை அனைத்தும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் வரும். சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தப் பூச்சு எவ்வளவு மெல்லியது என்பது புரியும்.

பளபளப்பு, நிறத்தின் ஆழம், வெயிலைத் தாங்கும் வலிமை ஆகிய மூன்றும் கிளியர் கோட்டைச் சார்ந்தவை. அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியைவிடக் குறைவு. தொழிற்சாலையில் கொடுத்த இந்த அடுக்கு தேய்ந்தால் மீண்டும் வளராது. இனி வரும் பதில்கள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

2. வாக்ஸ், பாலிஷ், காம்பவுண்ட் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, இந்தக் குழப்பத்தால்தான் பலர் தேவையில்லாததை வாங்குகிறார்கள். காம்பவுண்டும் பாலிஷும் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கலந்தவை. அவை கிளியர் கோட்டின் மேற்பரப்பைச் சிறிது அரைத்துச் சமப்படுத்துகின்றன. காம்பவுண்ட் கரடுமுரடாக அரைக்கும், பாலிஷ் மென்மையாக அரைக்கும். வாக்ஸ் எதையும் அரைப்பதில்லை. அது பெயிண்டின் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலமாக அமர்கிறது.

எனவே கீறலை நீக்குவது பாலிஷின் வேலை, மேலே மூடுவது வாக்ஸின் வேலை. இரண்டையும் ஒரே புட்டியில் கலந்து விற்பதும் உண்டு. அவற்றை ஓரளவு பயன்தரும் சமரசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறை பூசும்போதும் அவை கொஞ்சம் அரைக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

3. வாக்ஸே போடாவிட்டால் பெயிண்ட் கெட்டுவிடுமா?

முறையாகக் கழுவி வந்தால், வாக்ஸ் போடவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் இன்றைய பெயிண்ட் கெடுவதில்லை. வாக்ஸ் கட்டாயம் என்ற எண்ணம் பழைய காலத்துப் பெயிண்டிலிருந்து வந்தது. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாந்து கார்களில் டூபான்ட் உருவாக்கிய ‘டூகோ’ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்தப் பூச்சும் பின்னர் வந்த ஒற்றை அடுக்கு எனாமல்களும் காற்றுக்கும் வெயிலுக்கும் நேரடியாக முகம் கொடுத்தன. மேற்பரப்பு சுண்ணாம்பு போல வெளுத்துப் பொடிந்தது. ஆகவே தேய்த்து, மெழுகு பூசி, மறுபடி தேய்ப்பது அக்காலத்தில் தவிர்க்க முடியாத பராமரிப்பாக இருந்தது.

1980களில் கிளியர் கோட் பரவலான பிறகு நிலைமை மாறியது. புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்களும், கதிர்களால் வரும் சிதைவைத் தடுக்கும் நிலைப்படுத்திகளும் கிளியர் கோட்டின் உள்ளேயே கலக்கப்பட்டுள்ளன. சில பத்து மைக்ரான் தடிமனுள்ள அந்த அடுக்கு செய்யும் வேலையோடு ஒப்பிட்டால், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த மெழுகுப் படலம் வெயிலைத் தடுப்பது மிகச் சொற்பம். நிழலில் நிறுத்துவது அதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

அப்படியானால் வாக்ஸால் பயனே இல்லையா என்று உடனே கேட்பார்கள். பயன் இருக்கிறது. மேற்பரப்பு வழவழப்பாவதால் தூசியும் சேறும் இறுகப் பற்றுவதில்லை; கழுவும்போது எளிதில் போய்விடுகின்றன; அதனால் தேய்ப்பது குறைகிறது. எனக்குத் தெரிந்தவரை வாக்ஸின் உண்மையான நன்மை இந்த வழவழப்புதான், அதை விலை குறைந்த வாக்ஸும் தருகிறது.

4. விலை உயர்ந்த கார்னாபா வாக்ஸில் அப்படி என்னதான் இருக்கிறது?

கார்னாபா என்பது பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் ஓலைகளில் படியும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் அது ஒன்று. உருகுநிலை சுமார் 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், கார்னாபாவுக்கு மதிப்பு உண்டாவது நியாயமே. அதில் நிற அளவில் தரப் பிரிவுகளும் உண்டு. வெளிர் மஞ்சளாக இருப்பது உயர்தரமானது.

ஆனால் தூய கார்னாபா கல் போன்றது; அதைக் கையால் காரில் தடவவே முடியாது. ஆகவே கரைப்பான், எண்ணெய், மென்மையான பிற மெழுகுகள் ஆகியவற்றைக் கலந்துதான் எந்த டப்பாவும் விற்பனைக்கு வருகிறது. ‘நூறு சதவீதம் கார்னாபா’ என்று எழுதியிருந்தால், கலந்திருக்கும் கார்னாபா தூயது என்று கொள்ளலாமே தவிர, டப்பா முழுவதும் கார்னாபா என்று கொள்ள முடியாது. கலவை மாறும்போது தடவும் சுகம், மணம், துடைத்தெடுக்கும் எளிமை ஆகியவை மாறுகின்றன. விலை பத்து மடங்கானால் பாதுகாப்பும் பத்து மடங்காவதை நான் எந்த டப்பாவிலும் கண்டதில்லை.

வாக்ஸ் பூசுவதையே ஓய்வு நாளின் இன்பமாகக் கொண்டவர்கள் நல்ல டப்பாவுக்குச் செலவழிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அது விருப்பத்துக்கான செலவு. பெயிண்டைக் காக்கும் செலவு என்று எண்ணி வாங்குவதுதான் தவறு.

5. டப்பாவில் ஆறு மாதம் நிற்கும் என்று போட்டிருக்கிறதே, எனக்கு ஒரு மாதத்திலேயே போய்விட்டதே?

தினமும் வெளியில் நிற்கும் காரில் இயற்கை மெழுகு நான்கு முதல் எட்டு வாரம் நின்றால் அது நல்ல ஆயுள்தான். கடும் வெயிலில் அடர்நிறக் காரின் பானட் 70 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெப்பத்தில் கலவையிலுள்ள எண்ணெயும் மென்மெழுகும் இளகிப் போகின்றன. மழை, தூசி, கழுவும் நீர் எல்லாம் மிச்சத்தைக் கொண்டுபோகின்றன. பாத்திரம் துலக்கும் சோப்பால் காரைக் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கோடு வாக்ஸும் பெரும்பகுதி போய்விடும். சீலண்ட் என்று விற்கப்படும் செயற்கைப் பாலிமர்ப் பூச்சுகள், சரியாகப் பூசினால், சில மாதங்கள் நிற்கும். நீண்ட ஆயுள்தான் வேண்டும் என்பவர்களுக்கு அவையே பொருத்தம், பெரும்பாலும் விலையும் குறைவு.

அடுக்கடுக்காக ஐந்து முறை பூசினால் ஐந்து மடங்கு நிற்குமா என்ற கேள்வியும் இதோடு வரும். இரண்டாம் முறை பூசுவது விடுபட்ட இடங்களை நிரப்பும். அதற்கு மேல் பூசும்போது புதிய பூச்சிலுள்ள கரைப்பான் பழைய படலத்தையே இளக்குவதால், பெரும்பகுதி துணியோடுதான் வெளியே வரும்.

6. தண்ணீர் முத்து முத்தாக உருளுகிறது. பாதுகாப்பு இருக்கிறது என்றுதானே பொருள்?

மேற்பரப்பு நீரை ஒட்டவிடாமல் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். சில சிலிக்கோன் தெளிப்புகளும் இரண்டு நாளைக்கு இதே காட்சியைத் தரும். இன்னொரு புறம், உப்பு அதிகமுள்ள நீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் வட்டக் கறையாகத் தங்கிவிடும். நீர் பரவி ஓடும் பரப்பைவிட முத்தாக நிற்கும் பரப்பில் இந்தக் கறை அழுத்தமாக விழுவதும் உண்டு. எனவே அழகாக உருண்டாலும் கழுவிய நீரைத் துடைத்தே ஆக வேண்டும்.

7. தினமும் துடைத்துத்தான் வைக்கிறேன். அப்படியும் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலக் கீறல் தெரிகிறதே?

தினமும் துடைப்பதால்தான் தெரிகிறது. இதைச் சொல்லும்போது கேட்பவர் முகம் வாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள். தூசியில் மணல் துகள் இருக்கிறது. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிட மிகக் கடினமானது. உலர்ந்த துணியாலோ தூசி தட்டும் துடைப்பத்தாலோ காரைத் துடைக்கும்போது, அந்தத் துகள்களைப் பெயிண்டின் மேல் அழுத்தி இழுக்கிறோம். ஒவ்வொரு கீறலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆயிரக்கணக்கில் சேரும்போது, பெயிண்டில் தெரியும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டமாக மின்னுகின்றன. உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. கறுப்புக் காரில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

சரியான முறை கடினமானதல்ல. முதலில் கையோ துணியோ படாமல், நீரைப் பீய்ச்சித் தளர்ந்த மண்ணைக் கழுவிவிட வேண்டும். பிறகு காருக்கான ஷாம்பூ கரைத்த வாளி ஒன்று, துணியை அலசத் தெளிந்த நீருள்ள வாளி ஒன்று என இரண்டு வாளி வைத்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையைத் தெளிந்த நீரில் அலசிவிட்டே மறுபடி ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். மிகுந்த மண் படியும் கதவின் அடிப்பகுதி கடைசியில்தான் வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி வேண்டும். முடிவில் தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுத்தால் போதும். தரையில் விழுந்த துணி அன்றைக்குக் காரைத் தொடக் கூடாது. பழைய பனியன் துணி எந்த நாளும் தொடக் கூடாது.

இந்தக் கையுறை, இரண்டு வாளி, நல்ல துண்டு ஆகியவற்றுக்குச் செலவழிக்காதவர் மேற்கொண்டு எதற்குச் செலவழித்தாலும் அது ஓட்டைப் பானையில் ஊற்றும் நீர்தான். தானியங்கித் தூரிகைகளால் கழுவும் இடங்களில் முந்தைய காரின் மண் தூரிகையிலேயே தங்கியிருக்கும் என்பதால், அங்கே போவதைவிடக் கார் ஒரு வாரம் அழுக்காக இருப்பதே மேல்.

8. டீடெய்லிங் கடையில் இரண்டு நாள் காரை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்?

நல்ல கடையாக இருந்தால் நாளின் பெரும்பகுதி தயாரிப்பு வேலையிலேயே போகும். 7ஆம் கேள்வியில் சொன்ன முறையில் கழுவியபின், பிரேக்கிலிருந்து பறந்து பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள்களை ஒரு திரவத்தால் கரைப்பார்கள். இரும்போடு வினைபுரிந்து அது ஊதா நிறமாக வழியும். பிறகு களிமண் கட்டி என்று அழைக்கப்படும் இளகிய கட்டியை வழவழப்பான திரவத்தோடு மெல்லத் தேய்த்து, தாரும் மரப்பிசினும் போன்று ஒட்டிக்கிடப்பவற்றை அகற்றுவார்கள். கழுவிய காரின் மேல் விரலை ஓட்டினால் சொரசொரப்பாகத் தெரிவது இவைதான்.

அதன்பின் தடிமன் அளக்கும் கருவியால் ஒவ்வொரு தகட்டையும் அளந்து, ஓர் ஓரத்தில் மட்டும் பாலிஷ் செய்து பார்த்து, எந்தப் பஞ்சும் (மெஷினில் மாட்டித் தேய்க்கும் மென்மையான திண்டு) எந்தத் திரவமும் போதும் என்று முடிவு செய்வார்கள். பிறகு ஒவ்வொரு சதுர அடியாக, ஒளி பாய்ச்சிப் பார்த்தபடி மெஷினை நகர்த்துவார்கள். ஒரு நடுத்தரக் காருக்கு இந்தக் கட்டம் மட்டும் எட்டு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கலாம். கடைசியில் பூசும் வாக்ஸோ கோட்டிங்கோ (வாக்ஸைவிட நீண்ட நாள் நிற்கும் பூச்சு; 12ஆம் கேள்வியில் விளக்கம்) இந்த உழைப்பில் சிறு பகுதிதான். நீங்கள் பணம் கொடுப்பது கைத்திறனுக்கும் பொறுமைக்கும். அதனால் இரண்டு மணி நேரத்தில் ‘முழு டீடெய்லிங்’ என்று யாராவது சொன்னால், மேலே சொன்னவற்றில் எது நடக்காது என்று கேளுங்கள்.

9. மெஷின் வாங்கி நானே செய்தால் ஆகாதா?

ஆகும், எந்த மெஷின் என்பதைப் பொறுத்து. சுழன்றுகொண்டே இடமும் நகரும் இரட்டை இயக்க மெஷின் ஒரே இடத்தில் எளிதில் வெப்பத்தைச் சேர்க்காது. மென்மையான பஞ்சும் மெல்லிய பாலிஷும் வைத்துக்கொண்டு, ஒரு பழைய தகட்டில் சில நாள் பழகிய பிறகு காரில் கை வைத்தால் நல்ல பலன் கிடைக்கும். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் அப்படியல்ல; பழகாத கையில் அது சில நொடியில் பெயிண்டைச் சுட்டுவிடும்.

நான் தொழில் கற்ற நாளில் ஒரு கதவின் விளிம்பில் ரோட்டரியைக் கணநேரம் கூடுதலாக நிறுத்தியதும், வெள்ளைப் பஞ்சில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. கிளியர் கோட் உள்ள காரில் பஞ்சு நிறம் பிடித்தால் அந்த அடுக்கு அங்கே முடிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பிலேயே மெல்லியது என்பதால், அங்கே ஒட்டு நாடா ஒட்டி மறைத்துவிட்டு வேலை செய்வதை அன்று முதல் நான் தவறவிட்டதில்லை.

10. வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட்டுவிட்டால் கார் எப்போதும் புதிதாகவே இருக்கும் அல்லவா?

1ஆம் கேள்வியில் சொன்ன 35 முதல் 50 மைக்ரானை இங்கே நினைவுகூருங்கள். மெல்லிய பாலிஷ் ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவோ எடுக்கும். காம்பவுண்ட் போட்டு முழுத் திருத்தம், அதாவது கார் முழுக்கக் கீறல்களை அரைத்து நீக்கும் வேலை, செய்தால் பொதுவாக 2 முதல் 5 மைக்ரான் வரை போகும். நீர்த்தாளால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தால் இன்னும் அதிகம். இருக்கும் தடிமன் முழுவதையும் செலவழிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம்: கிளியர் கோட் மிகவும் மெலிந்துவிட்டால், 3ஆம் கேள்வியில் சொன்ன கதிர்த் தடுப்பும் குறைந்து, சில ஆண்டுகளில் அது வெளுத்து உரியத் தொடங்கும்.

ஆகையால் ஒரு காரின் வாழ்நாளில் முழுத் திருத்தம் ஓரிரு முறைக்கு மேல் கூடாது என்பது என் கணிப்பு. ஒவ்வோர் ஆண்டும் காம்பவுண்ட் போடும் ‘ஆண்டுத் திட்டம்’ எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வாங்க வேண்டாம். திருத்தம் செய்த காரைப் பழைய துணியால் துடைக்கிறவர், கொடுத்த காசோடு கிளியர் கோட்டையும் இழக்கிறார்.

11. கடையிலிருந்து எடுத்த அன்று கண்ணாடி போல இருந்தது. இரண்டே மாதத்தில் பழைய கீறல் எல்லாம் திரும்பிவிட்டது. எப்படி?

கீறல் திரும்பவில்லை, போகவே இல்லை. எண்ணெயும் நிரப்பியும் மிகுந்த கிளேஸ் வகைத் திரவங்கள் கீறலின் பள்ளத்தில் அமர்ந்து ஒளிச் சிதறலை மறைக்கும். சில முறை கழுவியதும் அவை வெளியேற, பழைய கோலம் தெரியும். விற்பனைக்கு நிறுத்தும் காரில் இது வழக்கமான உத்தி. கிளியர் கோட்டை அரைக்காமல் அழகு காட்டுவதால், அதை மறைக்காமல் சொல்லிச் செய்யும் கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன்; ‘கீறல் நீக்கம்’ என்ற பெயரில் அதைச் செய்து காசு வாங்குவதுதான் தவறு.

கண்டுபிடிக்க வழி உண்டு. பாலிஷ் முடிந்து, மேல்பூச்சு போடுமுன், நீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஒரு பகுதியில் தெளித்துத் துடைக்கச் சொல்லுங்கள். நிரப்பியும் எண்ணெயும் போனபின் அந்தப் பகுதியில் சிறு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால், தெரிவதெல்லாம் உண்மை.

12. செராமிக் கோட்டிங் 9ஹெச் கடினம், கல் பட்டாலும் கீறாது என்கிறார்களே?

9ஹெச் என்பது பென்சில் அளவு. பூச்சின் மேல் வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 டிகிரிச் சாய்வில், 750 கிராம் சுமையோடு தள்ளிப் பார்க்கும் சோதனை அது. அந்த அளவுகோலின் மேல் முனையில் இருப்பது 9ஹெச். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. அது கீறவில்லை என்பதால் மணலும் கீறாது என்று முடிவு கட்ட முடியாது. கோட்டிங்கின் தடிமனும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான் என்பதால், பறந்து வரும் கல்லை அது தடுக்காது. கல்லுக்குப் பயந்தால் சுமார் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியுரேதேன் பாதுகாப்புப் படம்தான் வழி. முன் பம்பருக்கும் பானட்டுக்கும் மட்டும் அதை ஒட்டுவது, நெடுஞ்சாலையில் நிறைய ஓடும் காருக்கு நல்ல செலவு என்பேன்.

செராமிக்கில் மெய்யான நன்மையும் இருக்கிறது. சிலிக்கான் சார்ந்த அந்தத் திரவம் காய்ந்து பெயிண்டோடு இறுகப் பிடித்துக்கொள்வதால், ஷாம்பூவுக்கும் வெப்பத்துக்கும் வாக்ஸைப் போல எளிதில் போகாது. ஒழுங்காகப் பூசி, ஒழுங்காகக் கழுவினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கழுவுவது மிக எளிதாகிறது. ஆனால் அடியில் இருக்கும் கீறலையும் அது அப்படியே மூடிவிடும். பிறகு எடுக்க வேண்டுமானால் கோட்டிங்கையும் சேர்த்து அரைக்க வேண்டும். பூசும் முன் தரமான தயாரிப்பு வேலை செய்யாவிட்டால் செராமிக் வீண் என்று சொல்வது இதனால்தான். கிராஃபீன் கோட்டிங் என்று விற்பவை பெரும்பாலும் இதே அடிப்படையில் சிறிதளவு கிராஃபீன் ஆக்சைடு சேர்த்தவை. அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்க நான் காரணம் காணவில்லை.

13. ஐந்து ஆண்டு வாரண்டி எழுதித் தருகிறார்கள். அதை நம்பலாமா?

எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். இத்தகைய வாரண்டிகளில் கீறல், கல் தெறிப்பு, நீர்க்கறை ஆகியவை விலக்கப்பட்டிருப்பதும், ஆண்டுதோறும் அதே கடையில் கட்டணம் செலுத்திப் பராமரிப்பு செய்தால்தான் செல்லும் என்ற நிபந்தனை இருப்பதும் வழக்கம். அந்தக் கட்டணங்களையும் கூட்டினால்தான் கோட்டிங்கின் உண்மையான விலை தெரியும்.

14. புதுக் கார் எடுக்கும்போதே விற்பனையாளர் கோட்டிங் போட்டுத் தருகிறேன் என்கிறார். புதுப் பெயிண்டில் போடுவதுதானே நல்லது?

புதுப் பெயிண்டில் போடுவது நல்ல யோசனைதான். தொழிற்சாலைப் பெயிண்ட் சுமார் 140 டிகிரி வெப்பத்தில் சுடப்பட்டு முழுதாக இறுகியிருப்பதால் காத்திருக்கவும் தேவையில்லை. என் தயக்கம் யார் போடுகிறார், எவ்வளவு நேரத்தில் போடுகிறார் என்பதில்தான். ஒப்படைக்கும் நாளின் அவசரத்தில், பலமுறை அவசரமாகத் துடைக்கப்பட்ட காரின் மேல், 8ஆம் கேள்வியில் சொன்ன தயாரிப்பு எதுவும் இல்லாமல் பூசினால், உங்கள் புதுக் காரின் முதல் கீறல்கள் கோட்டிங்குக்கு அடியில் பத்திரமாகச் சிறைப்பட்டுவிடும். ஒப்படைக்கும்போது காரைத் துடைக்காமலே கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, நீங்கள் தேர்ந்த இடத்தில் செய்துகொள்வது மேல்.

15. விபத்துக்குப் பின் ஒரு கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். அதற்கும் உடனே வாக்ஸ் போடலாமா?

பொறுத்திருங்கள். பட்டறையில் அடிக்கும் பெயிண்ட் சுமார் 60 டிகிரியில்தான் சூடாக்கப்படுகிறது. கார் முழுவதும் பூட்டப்பட்ட நிலையில் அதற்கு மேல் சூடேற்றினால் பிளாஸ்டிக்கும் மின்கம்பிகளும் கெடும். அதனால் உள்ளே மிஞ்சியிருக்கும் கரைப்பான் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறும். அதற்குள் வாக்ஸோ கோட்டிங்கோ போட்டு மூடக் கூடாது. பெயிண்ட் தயாரிப்பாளர்கள் பொதுவாக 30 முதல் 90 நாள் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். எந்தப் பெயிண்ட் என்று பட்டறையில் கேட்டு அதன்படி செய்யுங்கள். அதுவரை நீரும் மென்மையான ஷாம்பூவும் போதும்.

16. பறவை எச்சத்தை உடனே துடைத்தும் தடம் விழுந்துவிட்டது. வாக்ஸ் போட்டிருந்தால் தப்பியிருக்குமா?

கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அதைவிட வெப்பமே பெரிய காரணம். வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும்போது எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பெயிண்ட் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்தையே வாங்கிக்கொள்கிறது. செராமிக்கானாலும் நாள் முழுக்க வெயிலில் விட்டால் தடம் விழலாம். ‘உடனே துடைத்தேன்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: காய்ந்த எச்சத்தில் மணல் துகள் இருக்கக்கூடும். ஈரத் துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தூக்கி எடுக்க வேண்டும்; தேய்க்கக் கூடாது.

17. மேட் பெயிண்ட் காருக்கு என்ன செய்வது?

மேட் என்பது பளபளப்பில்லாத பூச்சு. அதற்குப் பாலிஷ் கூடவே கூடாது. அரைத்த இடம் பளபளத்துத் திட்டாகிவிடும், திரும்பப் பழையபடி ஆகாது. சாதாரண வாக்ஸும் வேண்டாம். மேட் பரப்புக்கென்றே செய்த ஷாம்பூவும் கோட்டிங்கும் உண்டு. இந்த ஒரு வகைக் காருக்கு நல்ல கோட்டிங் மிகவும் பொருத்தமான செலவு, ஏனென்றால் கறை பட்டால் அரைத்து எடுக்கும் வழி இதற்கு இல்லை.

18. பழைய கார். கூரையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து உரிகிறது. நல்ல கடையில் கொடுத்தால் சரியாகுமா?

விரலால் தடவிப் பாருங்கள். ஒற்றை அடுக்குப் பெயிண்ட் வெளுத்திருந்தால், விரலில் காரின் நிறம் ஒட்டும். அதைப் பாலிஷ் வியக்கத்தக்க அளவு மீட்கும். கிளியர் கோட் உரிந்து ஓரம் தூக்கியிருந்தால் எந்தப் பாலிஷும் எந்தக் கோட்டிங்கும் ஒட்டவைக்காது; அந்தத் தகட்டுக்கு மறுபடி பெயிண்ட்தான். உரியும் பெயிண்டைப் பார்த்த பிறகும் செராமிக் போடலாம் என்று சொல்லும் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

19. காரை விற்கப் போகிறேன். டீடெய்லிங் செய்தால் போட்ட காசு திரும்புமா?

நன்றாகக் கழுவி, உள்ளே சுத்தம் செய்து, ஒரே கட்ட மெல்லிய பாலிஷ் போட்டால் வாங்க வருபவரின் முதல் பார்வை மாறும். அந்த அளவு செலவு பெரும்பாலும் திரும்பிவிடும். பல கட்டத் திருத்தமும் செராமிக்கும் அடுத்த உரிமையாளருக்குக் கொடுக்கும் பரிசு. அவற்றை நீங்கள் ஓட்டப்போகும் ஆண்டுகளுக்காகச் செய்யுங்கள்.

20. கடைசியாக, கடையில் காரை விடும்முன் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் தடிமன் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள், அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கருவி எல்லா அடுக்குகளின் கூட்டுத் தடிமனைத்தான் காட்டும். கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று சாதாரணக் கருவி சொல்லாது. ஆனாலும் பயன் உண்டு. எல்லாத் தகடும் 120 காட்ட, ஒன்று மட்டும் 250 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்தது. ஒன்று மட்டும் 80 காட்டினால் முன்பே யாரோ நிறைய அரைத்திருக்கிறார், அங்கே மெஷின் வைக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடலாம். வேலை முடிந்தபின் மறுபடி அளந்து காட்டச் சொன்னால் எவ்வளவு போயிற்று என்பது தோராயமாகத் தெரியும்.

அடுத்து, ஓர் ஓரத்தில் மட்டும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு கீறல் போகும், எது போகாது என்று அப்போதே பேசிக்கொள்ளலாம். எல்லாக் கீறலும் போய்விடும் என்று உறுதி கொடுப்பவரைவிட, நகத்தில் தட்டுப்படும் கீறலை விட்டுவிடுவதே நல்லது என்று சொல்பவரிடம் நான் காரைக் கொடுப்பேன். ஏனென்றால் அவர் உங்கள் கிளியர் கோட்டைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார். எந்த மெஷின், எத்தனை கட்டம், எத்தனை மணி நேரம் என்பதையும் கேளுங்கள். 11ஆம் கேள்வியில் சொன்ன ஆல்கஹால் துடைப்பை மேல்பூச்சுக்கு முன் உங்கள் கண் முன்னே செய்ய ஒப்புக்கொள்வாரா என்று கேட்டு வையுங்கள். அந்த நேரத்துக்குக் கையில் ஒரு டார்ச்சோடு போய் நிற்பது, காரை ஒப்படைக்கும் நாளில் போய் நிற்பதைவிட முக்கியம்.